ஏழு குன்றுகளும் ஒரு முதுகுப்பையும்

*குறைந்த செலவில் ஐரோப்பா பார்க்கப் புறப்படும் இளைஞர் கூட்டம் ஆண்டுதோறும் பெருகிவருகிறது. முன்பின் அறியாத ஊரில் அந்தச் சிக்கனம் தரும் லாபம் என்ன, நஷ்டம் என்ன, நஷ்டம் யாருக்கு? லிஸ்பன் நகரத்தை முன்வைத்து ஒரு விசாரணை.*

காலை ஒன்பது மணி இருக்கும். போர்த்துகல் தேசத்தின் தலைநகரான லிஸ்பனில், கிராசா என்னும் குன்றின் மேல், இருபத்தெட்டாம் நம்பர் டிராம் நிற்கும் இடத்தில், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் காய்கறிப் பையைக் காலருகே வைத்துக்கொண்டு நிற்கிறார். தண்டவாளம் கிறீச்சிட, மஞ்சள் வர்ணம் பூசிய சிறிய வண்டி ஒன்று வளைவில் திரும்பி வருகிறது. 1930-களில் செய்த வண்டி, உட்புறமெல்லாம் மரவேலை, அகலமோ மிகக் குறைவு. அடிவாரத்தில் மார்ட்டிம் மொனிஸ் சதுக்கத்தில் புறப்படும்போதே நிரம்பிவிட்ட அந்த வண்டிக்குள், முதுகில் ஒரு பெரிய பையும் மார்பில் ஒரு சிறிய பையுமாகப் பல தேசத்து வாலிபர்களும் யுவதிகளும் நெருக்கியடித்து நின்றுகொண்டு, ஜன்னல் வழியே கைபேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டுநர் கையை விரித்து இடமில்லை என்று ஜாடை காட்ட, வண்டி நிற்காமலே போகிறது. அடுத்து வந்ததும் அப்படியே. மூன்றாவது வண்டியிலிருந்து ஒருவன் இறங்குகிறான். மூதாட்டி பையை எடுத்துக்கொண்டு ஏறுகிறார்.

அந்த வண்டிக்குள் நின்றவர்களில் யாரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். வாடகைக் கார் வைத்துக்கொள்ளப் பணமில்லாததால், ஊர் ஜனங்கள் போகிற வண்டியிலேயே ஊரைப் பார்த்துவிடலாம் என்று எண்ணியவர்கள். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், படிப்புக்கிடையே பகுதிநேர வேலை செய்தும் இந்தப் பிரயாணத்துக்கு வழி தேடிக்கொண்டவர்கள். அவர்களுடைய சிக்கனம் நியாயமான சிக்கனமே. ஆனால் ஒரு நகரத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஏககாலத்தில் மலிவைத் தேடும்போது, அந்த மலிவு எங்கிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது என்ற கேள்வி எழாமல் இராது. அதைக் கேட்பதற்கு முன்பு, பை சுமந்து போகிறவன் அடைகிற நன்மைகளையும் படுகிற அவஸ்தைகளையும் அருகிலிருந்து பார்ப்பதே முறை.

நூறாண்டுப் பழக்கம்

மலிவான படுக்கையில் இரவைக் கழித்துப் பகலெல்லாம் ஊர் சுற்றும் இந்த வழக்கம் நேற்று முளைத்ததன்று. ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், மாணவர்களை நடைப் பிரயாணம் அழைத்துச் சென்றபோது இரவில் தங்க இடமின்றித் தவித்த அனுபவத்திலிருந்து இளைஞர் விடுதி என்ற யோசனையைக் கண்டார். 1912-ல் ஆல்டனா கோட்டையில் அது உருவம் பெற்றது. 1972-ல் இளைஞர்கள் ஒரே சீட்டில் பல நாடுகளின் ரயில்களில் ஏறி இறங்க வகை செய்யும் இன்டர்ரெயில் திட்டம் வந்தது. பின்னர் எல்லைச் சோதனைகளை நீக்கிய ஷெங்கன் உடன்பாடும், 1990-களில் விமானத் தொழிலுக்கு ஐரோப்பா அளித்த சுதந்திரத்தால் பிறந்த மலிவு விமானங்களும் சேர்ந்தபோது, ஒரு தலைமுறைக்கு முன்பு செல்வந்தர்களுக்கே கைகூடிய பிரயாணம் மாணவனுக்கும் எட்டிற்று. மேற்கு ஐரோப்பியத் தலைநகரங்களில் மலிவானது என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த லிஸ்பன், சிக்கன யாத்திரிகர்களின் ஜாபிதாவில் முதல் வரிசைக்கு வந்தது இவ்வாறுதான்.

> புறப்படும் முன்
>
> ● ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம். விசா மறுக்கப்பட்டாலும் இப்பணம் திரும்பி வராது.
>
> ● குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம்.
>
> ● எந்த 180 நாள் காலத்தை எடுத்துக்கொண்டாலும் ஷெங்கன் நாடுகளில் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது.
>
> ● லிஸ்பன் நகரசபை விதிக்கும் தங்கல் வரி: 2016-ல் ஓர் இரவுக்கு 1 யூரோ, 2019-ல் 2 யூரோ, 2024 செப்டம்பர் முதல் 4 யூரோ. ஏழு இரவுகள் வரையில்தான் வசூலிப்பார்கள். இருபத்தைந்து யூரோ கட்டிலுக்கும் வரி அதுவே. மாளிகை போன்ற ஹோட்டலுக்கும் அதுவே.
>
> ● அவசர உதவிக்கு 112.

கால்கள் கண்ட நகரம்

லிஸ்பன் ஏழு குன்றுகளின் மேல் அமைந்தது என்று சொல்வது மரபு. பை சுமந்தவனுக்கு அது மரபன்று, பிரத்யட்சம். தெருக்களெல்லாம் சிறு சிறு சுண்ணாம்புக் கற்களை வெள்ளையும் கறுப்புமாகப் பதித்துச் சித்திர வேலையாகச் செய்த நடைபாதைகள். தலைமுறை தலைமுறையாக மனிதர் நடந்து நடந்து கண்ணாடிபோல வழவழப்பேறியவை. வெயிலில் அவற்றின் அழகு சொல்லி முடியாது. ஒரு தூறல் விழுந்துவிட்டாலோ, தேய்ந்த அடியுடைய செருப்பணிந்து இறக்கத்தில் வருகிறவன் சுவரைப் பற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டிக்கு இந்தக் கற்கள் ஜன்மப் பகை. அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் படிக்கட்டுச் சந்துகளில், முதுகுப்பை என்பது சிக்கனத்துக்காக மட்டுமின்றிப் புத்திசாலித்தனத்துக்காகவும் கொள்ளத்தக்கது என்பதை எவரும் பத்தே நிமிஷத்தில் அறிந்துகொள்வர்.

ஆனால் இந்தச் சிரமமே அவனுக்குக் கிடைக்கிற பெரும் செல்வம் என்பது என் திடமான அபிப்பிராயம். சாந்தா ஜுஸ்தா என்ற இரும்புத் தூக்கி 1902-ல் கட்டப்பட்டது. அதில் ஏறுவதற்குப் பணம் கொடுத்து நெடு நேரம் வரிசையில் நின்றவர்கள் எந்த உயரத்தை அடைந்தார்களோ, அதே உயரத்தைச் சில தெருக்கள் சுற்றி நடந்தே அடைந்துவிடலாம். அடைந்த இடத்தில், 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளன்று காலையில் நிகழ்ந்த பூகம்பத்தில் கூரை இழந்த கார்மோ மடாலயம், அந்த அழிவை நினைவூட்டும்பொருட்டு வானத்தையே கூரையாகக் கொண்டு இன்றும் நிற்கிறது. பூகம்பமும், அதைத் தொடர்ந்து டேகஸ் நதிவழியே புகுந்த ஆழிப்பேரலையும், நாட்கணக்கில் எரிந்த நெருப்பும் நகரத்தைச் சிதைத்த பிறகு, பொம்பால் என்ற மந்திரி நேர்கோட்டுத் தெருக்களாக மீண்டும் கட்டுவித்த தாழ்நிலப் பகுதி எது, அழிவுக்குத் தப்பிய மூரிய காலத்துச் சந்துகள் எவை என்பதை வரைபடம் பார்க்காமலே கால்கள் சொல்லிவிடும்: பாதை நேராகவும் சமமாகவும் போனால் பொம்பாலின் ஊர், மூச்சு வாங்கினால் பழைய ஊர்.

குன்றுகளின் முனைகளில் 'மிராதோரோ' என்று அழைக்கப்படும் காட்சி மேடைகள் இருக்கின்றன, எதற்கும் கட்டணமில்லை. சென்யோரா தோ மோந்தே என்ற மேடையில் சாயங்காலம் நின்றால், கோட்டையும் நதியும் நதிக்குக் குறுக்கே 1966-ல் திறக்கப்பட்ட செந்நிறத் தொங்கு பாலமும் ஒரே பார்வையில் அடங்கும். நதியைக் கடப்பதற்கோ, பயணிகளைச் சுற்றிக் காட்டும் படகுகள் கேட்கும் தொகையில் சிறு பகுதியைக் கொடுத்தால் போதும். கையிஸ் தோ சோத்ரே துறையில், வேலைக்குப் போகிற ஜனங்களோடு ஜனங்களாக நின்று காசீல்யாஸ் படகில் ஏறிவிடலாம். பத்து நிமிஷத்தில் எதிர்க்கரை; திரும்பிப் பார்த்தால் நகரம் முழுவதும் எதிரே. செவ்வாயும் சனியும் சாந்தா கிளாரா திடலில் கூடும் பழம்பொருள் சந்தையைப் பார்க்கவும் பணம் வேண்டியதில்லை. 1497-ல் எந்தக் கரையிலிருந்து புறப்பட்டு மறு ஆண்டு கள்ளிக்கோட்டையை அடைந்து நம் தேசத்தின் சரித்திரத்தையே திருப்பிவிட்டானோ, அந்தப் பெலேம் கரையிலேயே, ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில், வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. மடத்தின் உள்முற்றத்துக்குத்தான் சீட்டு.

குன்று ஏறச் சலித்தவர்களுக்கென்று இவ்வூரில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டிகளும் நெடுங்காலம் ஓடிவந்தன. அவற்றுள் 1885 முதல் இயங்கிய குளோரியா வண்டி, 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலை வடம் அறுபட்டுத் தாறுமாறாகச் சரிந்து கட்டடத்தில் மோதியதில் 16 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டார். ஊர் மக்கள் அன்றாடம் ஏறி இறங்கிய வாகனம் உல்லாசப் பயணிகளின் கூட்டத்தைச் சுமக்கும் வாகனமாக மாறியபோது, பராமரிப்பும் அதற்கேற்ப மாறிற்றா என்று லிஸ்பன் ஜனங்கள் அன்று கேட்ட கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

எட்டுக் கட்டில் அறை

சிக்கன யாத்திரையின் உண்மையான பரீட்சை இரவில்தான் நடக்கிறது. ஹாஸ்டல் என்றால் அடுக்குக் கட்டில்கள் போட்ட அறை. நான்கோ எட்டோ பன்னிரண்டோ பேர். கோடைக்காலத்தில் ஒரு கட்டிலுக்கு இருபத்தைந்து முப்பது யூரோ ஆகும், குளிர்காலத்தில் இறங்கும். பிற்பகலுக்கு முன் அறை கிடைக்காது. காலை பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பையை வைக்க ஓர் அறை கொடுப்பார்கள். பெட்டகம் தருவார்கள், பூட்டுத் தரமாட்டார்கள். ஆகையால் சிறு பூட்டு ஒன்று ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். துவாலைக்குத் தனி வாடகை. மேல் கட்டில் கிடைத்தவன் நடுநிசியில் இறங்குவதற்குள் கீழ்க் கட்டில்காரன் விழித்துக்கொள்கிறான்; விடியற்காலை விமானத்துக்குப் போகிறவன் பிளாஸ்டிக் பைகளைக் கசகசவென்று அடுக்கும் ஓசையில் அறை முழுவதும் விழித்துக்கொள்கிறது. குறட்டைக்கு மட்டும் தேசபேதம் கிடையாது. தனியே செல்லும் பெண்களுக்குப் பெண்கள் மட்டுமே தங்கும் அறைகள் பல விடுதிகளில் உண்டு. சில யூரோ அதிகமானாலும் அந்த நிம்மதி பணத்தால் அளக்கக் கூடியதன்று.

இத்தனை அசௌகரியத்துக்கும் ஈடு செய்கிற இடம் ஒன்று அங்கே இருக்கிறது. அது சமையலறை. போகிறவர்கள் விட்டுச் சென்ற அரைப் பொட்டலம் மக்ரோனி, கால் புட்டி எண்ணெய், உப்பு, வெங்காயம் ஆகியவற்றை வைக்க ஓர் அலமாரி இருக்கும்; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரவு எட்டு மணிக்கு ஒரே அடுப்பைச் சுற்றி பிரேசில்காரியும் கொரியனும் போலந்துக்காரனும் காத்து நிற்கிறார்கள். எந்த ஏடிஎம் இயந்திரத்தில் கட்டணம் பிடிக்கிறார்கள், எந்தத் தெருவில் மதிய உணவு மலிவு, எந்தப் பஸ் போர்த்தோ நகரத்துக்கு விடியற்காலையில் புறப்படுகிறது என்ற செய்திகள் அங்கே கைமாறுகின்றன. அயலூரில் தனித்து நிற்கும் ஒருவனுக்கு அந்த அரை மணி நேரப் பேச்சு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் தங்கிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

கேளாமல் வந்த ரொட்டி

லிஸ்பன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும், கேட்காமலே ரொட்டியும் ஆலிவ் காயும் சிறு கிண்ணத்தில் வெண்ணெயும் வந்துவிடும். உபசாரம் என்று எண்ணி உண்டு முடித்தவன், பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்டிருப்பதைக் கண்டு திகைக்கிறான். இதற்குக் 'கூவேர்' என்று பெயர், அந்நாட்டுப் பழைய வழக்கம், ஏமாற்று அன்று. கேட்காததும் தொடாததுமான பண்டத்துக்குப் பணம் வாங்கக் கூடாது என்று போர்த்துகீசியச் சட்டமே சொல்கிறது. ஆகவே வேண்டாதவர்கள், வந்தவுடனே புன்னகையோடு திருப்பி அனுப்பிவிடலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

'தாஷ்கா' எனப்படும் சிறு சாப்பாட்டுக் கடைகளில், மதியத்தில் அன்றைய உணவு என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருப்பதைக் கேட்டுச் சாப்பிடுவதே சிக்கனத்துக்கும் ருசிக்கும் உகந்தது. மாமிசம் உண்ணாதவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பச்சைக் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் காய்ச்சும் கால்து வெர்தே என்ற சூப்பிலும் பன்றி இறைச்சித் துண்டு ஒன்றை மிதக்க விடுவது அவர்கள் வழக்கம். 'பீக்கா' என்ற சிறு கோப்பைக் காப்பியை மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, வெளியே நாற்காலியில் அமர்ந்து குடித்தால் வேறு விலை. குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

> பணம் போகும் வழிகள்
>
> ● இருபத்தெட்டாம் நம்பர் டிராமில் பிக்பாக்கெட்காரர்கள் ஜாஸ்தி. வண்டிக்குள்ளேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். பை முதுகிலிருந்து மார்புக்கு வர வேண்டும்.
>
> ● டிராமுக்குள் ஓட்டுநரிடம் சீட்டு வாங்கினால் மூன்று யூரோவுக்கு மேல். ஐம்பது சென்ட் கொடுத்து 'நாவெகாந்தே' அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் அதில் பாதியளவே ஆகும்.
>
> ● இயந்திரத்தில் பணம் எடுக்கும்போது, "ரூபாய்க் கணக்கில் பிடிக்கட்டுமா?" என்று கேட்கும். யூரோவையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இழப்பு.
>
> ● பைஷா பகுதியில் ஒருவன் அருகே வந்து போதைப்பொருள் வேண்டுமா என்று ரகசியக் குரலில் கேட்பான். அவன் விற்பது பெரும்பாலும் அழுத்தி உருட்டிய பிரிஞ்சி இலை. பேச்சுக் கொடுக்காமல் நடப்பதே உத்தமம்.

வாடகைக்குக் குடியிருந்தவர்கள் எங்கே?

இனி, முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். 2011-ல் போர்த்துகல் கடனில் மூழ்கி, 7,800 கோடி யூரோ வெளியுதவி பெற நேர்ந்தது. மறு ஆண்டே பழைய வாடகைக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. சொத்து வாங்கும் அந்நியருக்கு வதிவுரிமை அளித்த தங்க விசாவும் அதே 2012-ல் பிறந்தது. 2014-ல் வீடுகளைப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடுவதற்கு எளிய பதிவு முறை வந்தது. இவை மூன்றும் சேர்ந்து, இடிந்து கிடந்த பழைய கட்டடங்களுக்குப் புது வாழ்வு கொடுத்தன என்பது உண்மை. ஆயிரமாயிரம் பேருக்கு வேலை கொடுத்தன என்பதும் உண்மை. ஆனால் அல்ஃபாமா, மொராரியா ஆகிய பழைய பகுதிகளில் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஒவ்வொருவராக வெளியேற, அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில் பயணிகளுக்கான சாவிப்பெட்டி மாட்டப்பட்டது. 2025-ல் அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 870 யூரோ. நகரத்தின் மத்தியில் ஓர் அறை கொண்ட வீட்டுக்கு இந்தத் தொகை முழுவதையும் கொடுத்தாலும் போதவில்லை. மளிகைக்கடை இருந்த இடத்தில் நினைவுப்பொருள் கடை. ரொட்டிக்காக மூதாட்டி இன்னும் ஒரு குன்று இறங்க வேண்டியிருக்கிறது.

2023 ஏப்ரல் முதல் தேதி, குடியிருக்க வீடு வேண்டும் என்று லிஸ்பனிலும் பிற நகரங்களிலும் ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் நகரப் பகுதிகளில் அடுக்ககங்களைப் பயணி விடுதிகளாகப் புதிதாகப் பதிவு செய்வதைத் தடுத்தது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அது தளர்ந்து, அதிகாரம் நகரசபைகளிடம் போயிற்று. குடியிருப்புக் கட்டடங்களில் பயணி வீடுகளை அனுமதிப்பதா என்று மக்களின் வாக்கைக் கேட்க வேண்டுமென்று ஆயிரக்கணக்கான லிஸ்பன்வாசிகள் கையொப்பமிட்டுக் கொடுத்த மனுவை, 2025 ஜனவரியில் அரசியல் சட்ட நீதிமன்றம் நிராகரித்துவிட்டது.

இதில் ஹாஸ்டலின் பங்கைத் தனியே பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம். எட்டுப் பேர் ஓர் அறையில் படுப்பதால் இடம் குறைவாகவே செலவாகிறது. ஒருவர் குடியிருக்கக் கூடிய முழு வீட்டை இரண்டு பேர் மூன்று நாளைக்கு எடுத்துக்கொள்வதில்தான் ஊருக்கு நஷ்டம் அதிகம். என்னை யோசனை கேட்கிற இளைஞர்களுக்கு, குடியிருப்பு வீட்டை எடுக்காமல் ஹாஸ்டலிலேயே தங்குங்கள், டிராமில் ஏறித்தான் தீரவேண்டுமென்றால் காலை வேளையை விட்டுவிடுங்கள் என்று நான் தயங்காமல் சொல்லிவருகிறேன்.

பென்ஃபொர்மோசோ தெரு

மார்ட்டிம் மொனிஸ் சதுக்கத்திலிருந்து வடக்கே போகும் பென்ஃபொர்மோசோ தெருவில் நுழைந்தால், வங்காள தேசத்தாரும் நேபாளிகளும் பஞ்சாபிகளும் நடத்தும் கடைகள் இரு பக்கமும். பருப்பும் சோறும் தேடித் தவித்த நம்மவர்களுக்கு இந்தத் தெருவே அடைக்கலம். நகரத்தின் ஹோட்டல் அறைகளைப் பெருக்கித் துடைப்பதும், சமையலறைகளில் பாத்திரம் தேய்ப்பதும், இரவில் சைக்கிளில் உணவு கொண்டு போவதும் பெரும்பாலும் இவர்களைப் போன்ற குடியேறிகள்தாம். 2024 டிசம்பர் 19-ஆம் தேதி போலீசார் இந்தத் தெருவை இரு முனையிலும் அடைத்து, டஜன் கணக்கானவர்களைச் சுவரைப் பார்த்தபடி கையை உயர்த்தி நிற்க வைத்த படம் நாடெங்கும் பரவியது. அடுத்த மாதம் அதைக் கண்டித்துப் பெரும் ஊர்வலம் நடந்தது.

இவர்களும் அடுக்குக் கட்டிலில்தான் படுக்கிறார்கள். பயணி விடுதிக்குத் தீயணைப்புக் கருவியும் அவசர வழியும் பரிசோதனையும் உண்டு. இவர்களுடைய அறைகளுக்குப் பல இடங்களில் அவை இல்லை. 2023 பிப்ரவரியில் மொராரியாவில் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தபோது இருவர் மாண்டனர். அவர்களில் ஒருவன் பதினான்கு வயதுச் சிறுவன்.

அத்தெருவின் ஒரு கடையில் மத்தியான வேளையில் பருப்பும் சோறும் கொண்டுவந்து வைத்த வங்காள தேசத்து இளைஞர், முதுகுப்பையைப் பார்த்துவிட்டு, "ராத்திரிக்கு என்ன கொடுக்கிறீர்கள், பாய்?" என்று இந்தியில் கேட்டார். இருபத்தைந்து யூரோ என்றதும், பில் காகிதத்தின் பின்புறத்தில் முப்பதால் பெருக்கி 750 என்று எழுதிக் காட்டினார்.

"நான் மாதத்துக்கு இருநூற்றைம்பது கொடுக்கிறேன். ஒன்பது பேர் இருக்கிறோம். மனைவியை வரவழைக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். தனி வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் காட்டினால்தான் அனுமதி. தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் விடுதி இருக்கும் தெருவில் ஏதாவது காலி என்று பலகை தொங்கினால், சாயங்காலம் இந்தப் பக்கம் வரும்போது சொல்லுங்கள்" என்றார்.